பட்டியலில் அக்கா வீடு கடைசி

மலேசியா போய்த் திரும்பியதிலிருந்து அறந்தாங்கியில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்? முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்தியவள் நான். கடல் தாண்டியது இதுதான் முதல் தடவை. கேள்வியை மதித்து ஒழுங்காகப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் தெரிந்தது, அந்த வாரம் நான் பார்த்த இடங்களில் பாதி, வேறோர் இடத்துக்குப் போகாமல் தப்பிப்பதற்காகப் பார்த்தவை. அதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுதாகாது.

அந்த வேறோர் இடம் என் அக்கா வீடு. ராஜேஸ்வரி அக்கா கல்யாணமாகி மலேசியா போய் முப்பத்தைந்து வருடம் ஆகிறது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில், கெமாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், அதாவது பாமாயில் எடுக்கும் மரத் தோட்டத்தில், இருக்கிறாள். அத்தான் அங்கே மண்டோர். நம் ஊர்ப் பேச்சில் மேஸ்திரி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் அம்மா இறந்தபோது, "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடறேன், அதுவரைக்கும் எடுத்துடாதீங்க" என்று அக்கா போனில் அழுதாள். ஐஸ் பெட்டி இருந்தது. காத்திருக்க முடியும். ஆனால் சித்திரை வெயில், சொந்தக்காரர்களின் முணுமுணுப்பு, இரண்டு நாளாகத் தூங்காத என்னுடைய எரிச்சல். "காத்திருக்க வேண்டாம், எடுத்துடலாம்" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். அக்கா மறுநாள் வந்தாள். அம்மாவின் கட்டில் கிடந்த அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் நீட்டிய தண்ணீர்ச் செம்பை வாங்கவில்லை. என் வீட்டில் கை நனைக்காமல் லாட்ஜில் தங்கிவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.

பயண யோசனை மல்லிகாவுடையது. மல்லிகா எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என்னோடு ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றவள். அவளிடம் ஒரு நீள நோட்டு உண்டு. பார்க்கப் போகும் இடங்களை வரிசையாக எழுதி, பார்த்து முடித்ததும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவாள். தீபாவளி முடிந்த மறுநாள் கிளம்பினோம். விமான நிலையத்தில் இறங்கியதுமே அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "மலேசியா வந்திருக்கிறேன். ஒரு வாரம் இருப்பேன்." இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை. வருத்தமாகவும் இருந்தது, சத்தியமாகச் சொன்னால் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அதன் பிறகு மல்லிகாவைவிட எனக்குத்தான் ஊர் சுற்றும் வெறி அதிகமாகிவிட்டது.

நாங்கள் தங்கியது செரம்பானை ஒட்டிய அம்பாங்கானில், லெட்சுமி என்ற அம்மாவின் வீட்டு மாடியறையில். ஐம்பது வயது இருக்கும். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, வருகிறவர்களுக்கு அறை கொடுத்து, காலையில் பசியாறலும் செய்து போடுகிறார். அங்கே காலை உணவுக்குப் பசியாறல் என்றுதான் பேர். எவ்வளவு அழகான சொல்! நாம் டிபன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

முதல் நாள் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் என்றதும் லெட்சுமி உதட்டைப் பிதுக்கினார். "அத என்னம்மா பாக்கறீங்க? போட்டோல பாத்தா போதும்லா. செரம்பான் சியூ பாவ் சாப்பிடாம ஊருக்குப் போனீங்கன்னாதான் நான் கோவப்படுவேன்." சியூ பாவ் என்பது உள்ளே இறைச்சி வைத்து அடுப்பில் சுட்ட ஒரு சீனப் பலகாரம். கோழி வைத்ததாகப் பார்த்து அவரே வாங்கிக் கொடுத்தார். கோபுரத்தடியில் அண்ணாந்து நின்ற ஒரு மணி நேரத்தில் அந்தச் சியூ பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மல்லிகா கோபுரத்துக்கு ஆறு போட்டாள். கழுத்து வலிக்கு ஒன்றைக் கழித்துவிட்டாளாம். மறுநாள் பத்துமலை. வண்ணப் படிகள் ஏறி முடித்தபோது முழங்கால் இரண்டும் என்னைத் திட்டின. இறங்கும்போது ஒரு குரங்கு மல்லிகாவின் கண்ணாடிக் கூட்டைப் பறித்து, திறந்து பார்த்து, கண்ணாடி இல்லை என்று தெரிந்ததும் விட்டெறிந்தது. "எவ்ளோ நிதானமா சோதிச்சுப் பாத்துச்சு பாத்தியா" என்று சொல்லி எட்டு போட்டாள்.

மூன்றாம் நாள் போர்ட்டிக்சன் கடற்கரை. "மணமேல்குடி கடலுக்கு என்ன கொறச்சல், இதுக்கு இவ்ளோ தூரமா?" என்று மல்லிகா நாலு போட்டாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மணமேல்குடிக்கு நான் போனதெல்லாம் பள்ளிச் சுற்றுலாவில். அறுபது தலையை எண்ணிக்கொண்டே நிற்பேன், ஒரு நாளும் கால் நனைத்ததில்லை. இங்கே எண்ண யாரும் இல்லை. முழங்கால்வரை நனையும்படி இறங்கி நின்றேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம் பாய் விரித்து, டப்பாக்களைத் திறந்து, எங்களையும் கையசைத்துக் கூப்பிட்டது. தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் கொடுத்தார்கள். ஒரு வார்த்தை பொதுவாக இல்லாமல் அரை மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். பார்க்கலாமா விடலாமா என்று கேட்டால், அந்தக் கடலைப் போய்ப் பாருங்கள்.

நான்காம் நாள், ஸ்ரீ மெனாந்தி அரண்மனைக்குப் போவதற்கு முன்னால், மம்பாவ் பக்கம் ஒரு தமிழ் முஸ்லிம் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். கல்லில் தட்டி விசிறிப் போடும் பரோட்டாதான், கூட ஒரு பருப்புக் கறி. எங்கள் பேச்சைக் கேட்டுக் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவருடைய அத்தா கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்தவராம். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்றேன். அவ்வளவுதான், மேசையில் இடமில்லாமல் பலகாரம் வந்து இறங்கியது.

"இங்க சொந்தக்காரவங்க யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

மல்லிகா தேநீரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை. "அப்ப இதுதான் உங்க சொந்தக்காரவங்க வீடு. இருக்கற வரைக்கும் இங்கதான் பசியாறணும், ஆமா" என்றார். அவ்வளவு நல்ல மனிதரிடம், அதுவும் அவர் சோற்றைத் தின்றுகொண்டே, இருக்கிற அக்காவை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அரண்மனை அழகுதான். ஆணி அடிக்காமல் மரத்தை மரத்தில் கோத்துக் கட்டியது என்றார்கள். எருமைக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்த கூரை. மல்லிகா ஒன்பது போட்டாள். நான் அரண்மனை வாசலில் உட்கார்ந்து போனில் தட்டினேன்: "சனிக்கிழமை வரட்டுமா அக்கா?" ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. "சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. மாரியம்மன் கோயிலுக்கு எதிர் வரிசை, கடைசி வீடு, பச்சை கேட்." தோட்டத்தின் பெயரும் இருந்தது. அதை இங்கே எழுத வேண்டாம், அக்காவுக்குப் பிடிக்காது. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நல்லாயிருக்கியா என்றுகூட இல்லை. ஆனால் சாப்பிட வா என்று இருந்தது. அந்த இரண்டு சொல்லைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

சனிக்கிழமை மல்லிகாவின் நோட்டில் மலாக்கா இருந்தது. "நீ போடி. மலாக்காவ உனக்கும் சேத்து நான் பாத்துட்டு வரேன்" என்றாள். லெட்சுமி ஒரு பெரிய டின் நிறைய முறுக்கு கட்டிக் கொடுத்து, தன் காடியிலேயே, அதாவது காரிலேயே, செரம்பான் ரயில் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். "அக்கா வீட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாது" என்று சொன்னவர், டிக்கெட் எடுத்து நான் உள்ளே போகும்வரை நின்று கையசைத்தார்.

ரயில் வழி முழுக்கச் செம்பனை. மலேசியா என்றால் ரப்பரும் ஈயமும் என்று முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். ஜன்னலில் ஒரு ரப்பர் மரம்கூடத் தட்டுப்படவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அடுத்துக் கேட்க வேண்டிய மன்னிப்புக்கு அது ஒரு பயிற்சியாக இருந்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்று கெமாஸ் வருவதற்குள் நாலு விதமாக யோசித்து, நாலையும் அழித்தேன்.

கெமாஸில் ஒரு வயதான மலாய்க்காரர் வாடகைக் கார் ஓட்டினார். தோட்டத்தின் பெயரைச் சொல்லி மாரியம்மன் கோயில் என்றதும் கட்டைவிரலை உயர்த்தினார். முப்பது வருடமாக இந்தச் சாலையில் ஓட்டுகிறேன், கோயில் எனக்குத் தெரியும், நீங்கள் கவலைப்படாமல் தூங்குங்கள் என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து சொன்னார். செம்மண் பாதையில் திரும்பியதும் போனில் சிக்னல் போய்விட்டது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஒரே மரம். பதினொன்றரைக்குக் கோயில் வாசலில் இறக்கிவிட்டார். கோயில் இருந்தது. எதிர் வரிசை இருந்தது. கடைசி வீட்டில் பச்சை கேட்டும் இருந்தது. வாசலில் இருபது ஜோடிச் செருப்பு கிடந்தது.

கேட்டைத் தாண்டும்முன்னே ஒரு பெண் ஓடிவந்தாள். "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று முறுக்கு டின்னைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அக்காவின் மருமகளாக இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே ஒரு சீனக் குடும்பம், முக்காடு போட்ட இரண்டு மலாய்ப் பெண்கள், தோட்டத்தில் வேலை செய்யும் வங்கதேசத்து ஆட்கள் நாலைந்து பேர், எல்லோரும் தட்டும் கையுமாக இருந்தார்கள். யாரும் என்னை யார் என்று கேட்கவில்லை. நாற்காலி வந்தது. ரோஸ் நிறத்தில் ஒரு கண்ணாடித் தம்ளரில் குளிர்பானம் வந்தது. தட்டு வந்தது. அக்கா மட்டும் வரவில்லை.

அடுப்படி வாசலில் பூப்போட்ட திரை தொங்கியது. அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் கேட்டது. புரிந்துவிட்டது. வரச் சொல்லிவிட்டாள், ஆனால் முகத்தில் விழிக்க மாட்டாள். சரி, அவள் என் வீட்டில் கை நனைக்காமல் போனாள். நான் அவள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுக் காட்டுவேன் என்று முடிவு செய்தேன். ஆட்டிறைச்சிப் பிரட்டல் இன்னொரு கரண்டி வேண்டுமா என்றார்கள், போடச் சொன்னேன். கோழிக் குழம்பு என்றார்கள், ஊற்றச் சொன்னேன். இட்லி, தோசை, கேசரி, நெய் உருண்டை, எதற்கும் வேண்டாம் என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு வாயும் ஒரு மன்னிப்பு என்று எண்ணி விழுங்கினேன். பக்கத்தில் இருந்த சீனர் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். அவள் அதை எனக்கு ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள்: "இவ்வளவு ரசித்துச் சாப்பிடுகிறவரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்கிறார்."

ஒரு மணி நேரம் ஆகியும் அக்கா வெளியே வரவில்லை. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்த் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். "அக்கா, தப்பு என்னோடதுதான். அம்மாவ எடுக்கச் சொன்னது நான்தான். ஒரு நாள் நீ கேட்ட, நான் தரல. ஒம்பது வருஷமா அது என்னை அறுக்குது. வெளிய வந்து என் மூஞ்சிய பாரு, இல்லன்னா திட்டவாவது செய்."

திரை விலகியது. கையில் கரண்டியோடு ஒரு பெண் நின்றாள். குண்டாக, கருப்பாக, கண்ணில் நீர் கட்டியபடி. அவளை என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"நீங்க யாரும்மா?" என்றாள்.

சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அட கடவுளே, மூணாவது டிவிஷன் மண்டோர் வீட்டு ராஜிக்கா தங்கச்சியா? இது மொத டிவிஷன்லா! ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு மாரியம்மா கோயில் இருக்கு. கேட்டுக்கெல்லாம் எஸ்டேட் பெயிண்டுதான், எல்லாம் பச்சை."

அவள் பெயர் பார்வதி. ஒரே தோட்டத்தில் வேறொரு பிரிவில் வந்து இறங்கியிருக்கிறேன். வந்தவளை யார் என்று கேட்காமலா ஒரு மணி நேரம் சோறு போட்டீர்கள் என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "தீபாவளிக்கு ஓப்பன் ஹவுஸ்னு எல்லாருக்கும் வீட்டத் தொறந்து வச்சா வர்றவங்கள யாருன்னு கேக்கறது இல்லீங்க. மொத சாப்பாடு, அப்புறம்தான் பேச்சு. புதுசா வந்த ஸ்கூல் டீச்சர்னு நெனச்சேன்." நம் பக்கத்தில் வாசலில் ஒருவர் வந்து நின்றால், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து முடிப்பதற்குள் தண்ணீரே சூடாகிவிடும். அந்த வீட்டு மனிதர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

நான் கொண்டுவந்த முறுக்கு டின் அதற்குள் காலியாகியிருந்தது. பார்வதி தன் வீட்டு நெய் உருண்டையை ஒரு டப்பாவில் அடைத்து என் கையில் திணித்தாள். ஒரு ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்து, தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. செம்பனைப் பழம் ஏற்றும் லாரிக் கொட்டகையில் முக்கால் மணி நேரம் ஒதுங்கி நின்றோம். சிக்னல் வருகிறதா என்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

"திரைகிட்ட நின்னு சொன்னீங்கல்ல, அத அப்படியே அங்க சொல்லுங்க. நல்லா இருந்துச்சு" என்றாள் பார்வதி.

மூன்றாம் டிவிஷனை அடையும்போது மணி இரண்டரை. கோயில், எதிர் வரிசை, கடைசி வீடு, பச்சை கேட். கேட்டைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. "ராஜிக்கா, உங்க தங்கச்சி டிவிஷன் மாறி எங்கிட்ட வந்துட்டாங்க" என்று மட்டும் பார்வதி சொன்னாள். நான் சாப்பிட்டதைச் சொல்லவில்லை. அதை என்னிடமே விட்டுவிட்டு மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அக்கா உள்ளே நடந்தாள். தரையில் இரண்டு வாழை இலை போட்டிருந்தது. சுற்றிலும் மூடி வைத்த பாத்திரங்கள். "அத்தான் ஒன்னத் தேடி கெமாஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்காரு. போன் அடிச்சா கிடைக்கல. என்னமோ ஏதோன்னு பயந்துட்டோம்" என்றாள். ஒன்பது வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"நீ சாப்பிட்டியாக்கா?"

"நீ வராம எப்படி? காலைல பசியாறவும் இல்ல."

என் வயிறு வெடிக்கிற மாதிரி இருந்தது. பேசாமல் உட்கார்ந்து எப்படியாவது உள்ளே தள்ளிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். கடைக்காரரிடம் சொன்ன பொய் போதும் என்று இருந்தது. "அக்கா, நான் அந்த வீட்டுல நல்லா சாப்பிட்டுட்டேன். உன் வீடுன்னு நெனச்சேன். நீ கோவத்துல வெளிய வராம இருக்கன்னு நெனச்சு, போட்டதெல்லாம் வாங்கி வாங்கி சாப்பிட்டேன்." பார்வதி வீட்டுத் திரை முன்னால் அருவியாகக் கொட்டிய பேச்சு இப்போது வரவில்லை. "உனக்காக ஒரு நாள் நான் காத்திருக்கல. தப்பு பண்ணிட்டேன்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அக்கா இலையைப் பார்த்தாள்.

"காத்திருக்கறது ஒண்ணும் அவ்ளோ செரமம் இல்ல. இன்னிக்கு நின்னு பாத்தேன். முடியுது" என்றாள்.

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குனிந்து எனக்குப் போட்டிருந்த இலையை எடுத்து, இரண்டாக மடித்து, ஓரமாக வைத்தாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அக்கா சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து, மற்ற இலையைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"பார்வதி பெரட்டல்ல உப்பே இருக்காது. நீதான் சாப்பிட்டாச்சுல்ல. எனக்குப் போடு."

செம்பை எடுத்து இலையில் தண்ணீர் தெளித்தேன். அவள் கையை நீட்டினாள், அதிலும் ஊற்றினேன். சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றும்போது அளவு கூடி, குழம்பு இலையைத் தாண்டி ஓடப் பார்த்தது. அக்கா அதை விரலால் மறித்து, சோற்றுக்குள் இழுத்துப் பிசைந்து, முதல் வாயை வைத்தாள்.

"ஆறிப்போச்சு" என்றாள்.

"இருக்கா, சூடு பண்ணிக் கொண்டாரேன்."

"வேணாம். நீ எந்திரிச்சுப் போகாத."